உள்ளிழுத்த ஆமாம்

முதல் குளிர்காலத்தில் நான் அழுதது
பனிக்காக அல்ல.
துணி துவைக்கும் அறைக்காக.

லிக்செலேயில், எங்கள் கட்டடத்தின் நிலவறையில்
ஒரு பலகை. நாளுக்கொரு வரிசைத் துளைகள்.
வீட்டுக்கொரு பூட்டு, பூட்டின் மேல் வீட்டு எண்.
எந்தத் துளையில் உன் பூட்டு இருக்கிறதோ
அந்த மூன்று மணி நேரம் உன்னுடையது.
பத்து நிமிடம் கூடினால்
சுவரில் கடிதம் ஒட்டியிருக்கும்.

எங்கள் பூட்டில் 14.
வரி அலுவலகம் தந்த பன்னிரண்டு இலக்கத்தை
இன்னும் அட்டையைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.
இது மட்டும் அன்றைக்கே மனப்பாடம்.

கடிதங்களைத் தெகெஸ்தே வாசித்துச் சொல்வான்.
மொழி வகுப்பில் என்னைவிட இரண்டு புத்தகம் முன்னால் அவன்.
"உலர்த்தியில் பஞ்சை யார் விட்டுப் போனது?
உங்கள் அம்மா இங்கே வேலை செய்யவில்லை!!"
கையெழுத்து இல்லை. இரண்டு ஆச்சரியக்குறி மட்டும்.
உண்மைதான், என்றேன் நான்,
அம்மாவுக்கு மெண்டெஃபெரா தபால் நிலையத்தில் வேலை,
அது இவர்களுக்கு எப்படித் தெரியும்?
தெகெஸ்தே சிரித்துச் சிரித்து
தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிப்ரவரியில் அவன் வேலை தேடித் தெற்கே போனான்.
அதன்பின் கடிதங்களும் நானும்தான்.

ஒரு காலை, மாடிப்படியில்,
ஒன்பதாம் எண் குன்வோரிடம் கேட்டேன்:
குப்பை வண்டி இன்றைக்குத்தானே?
அவள் பதில் சொல்லவில்லை.
உதட்டைக் குவித்துச் சட்டென்று
காற்றை உள்ளே உறிஞ்சினாள்,
என் முதுகுக்குப் பின்னால் எதையோ கண்டவள்போல.
திரும்பிப் பார்த்தேன்.
ஒரு சைக்கிள் பம்பு. வேறொன்றுமில்லை.

இரண்டாம் முறை உறிஞ்சியபோதுதான் உறைத்தது.
ஆமாம் என்கிறாள்.

எனக்குத் தெரியாததா?
எங்கள் மேட்டு நிலத்திலும் ஆமாமைச் சொல்வதில்லை,
மூச்சு வாங்குவதுபோல் விழுங்கிவிடுவோம்.
எங்களுடையது தொண்டையில், ஒரு சின்ன விக்கல்.
இவர்களுடையது உதட்டில்,
உறிஞ்சுகுழலின் கடைசிச் சொட்டு.
இருந்தும் அந்தக் கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து
அது வரும் என்று
எந்தக் காதால் எதிர்பார்ப்பேன்?

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசை.
ஆகவில்லை.
மருத்துவமனைத் தாழ்வாரங்களைத் துடைத்தேன்.
நவம்பரில் மதியம் மூன்றுக்கே இருட்டி,
இரவுச் சாப்பாட்டை நான்கு மணிக்கு உண்டுவிட்டு
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.
தெகெஸ்தே வாரம் ஒருமுறை பேசினான்,
பிறகு மாதம் ஒருமுறை.
அம்மாவிடம் பேசும்போது
அவளுடைய ஆமாம் மட்டும் தொலைபேசியில் கேட்காது.
இருக்கிறாயா, இருக்கிறாயா என்று
நான்தான் கத்துவேன்.

மூன்றாம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை,
என் நேரத்தில், என் இயந்திரத்தில்
யாருடையதோ ஈரத் துணிகள்.
பச்சை விளையாட்டுச் சட்டைகள், பதினொன்று.
எண்ணினேன், கோபம் அவ்வளவு நிதானமாக வந்தது.
மேலே போய்ப் பேனா எடுத்து வந்தேன்.

"வியாழன் ஏழு மணி 14க்கு உரியது.
துவைத்ததை எடுத்துப் போகவும்.
உங்கள் அம்மா இங்கே வேலை செய்யவில்லை!!!"

எழுதி ஒட்டி, படியேறிப் பாதி வந்த பிறகுதான்
எந்த மொழியில் கோபப்பட்டேன் என்று பார்த்தேன்.

மறுநாள் என் கடிதத்தில்
ஓர் எழுத்தின் தலையில் நான் விட்ட இரண்டு புள்ளியை
யாரோ சிவப்பு மையில் வைத்திருந்தார்கள்.
காது சூடானது.
அதன் கீழே, வேறொரு கை, பென்சிலில்:
அதானே.

மாலையில் குன்வோர் எதிரே வந்தாள்,
கடையில் திருப்பித் தரக் காலி பாட்டில்கள்
பை நிறைய.
அந்தக் கடிதம் நீயா?

காற்றை உள்ளே இழுத்தேன்.
தொண்டையிலா, உதட்டிலா, கவனிக்கவில்லை.

மூன்று அதிகம், என்றாள்.
நான் எப்போதும் இரண்டோடு நிறுத்திவிடுவேன்.

பாட்டில்கள் கிணுகிணுக்க
இறங்கிப் போனாள்.